இருபத்து நாலு பேனாவும் ஒரு வெள்ளைச் சட்டையும்

அத்தியாயம் – 6

மணி இரண்டே கால். நாலு மணிக்குக் கிளாராவுக்கு வேலை போகப் போகிறது. அதில் பாஞ்சாலிக்கு வருத்தம் என்று யாராவது சொன்னால், அது புளுகு.

சூடாமணி பேனா கம்பெனி மேனேஜர் ரகுபதியின் மேஜைமேல் இருபத்து நாலு பேனாக்கள், மூடி கழற்றி வரிசையாகப் படுக்க வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றின் முள்ளிலும், நடுப் பிளவுக்குள் அடங்கிக் கிடக்க வேண்டிய மை, தோள்பட்டை வரைக்கும் ஏறிப் படர்ந்திருந்தது. தங்க முலாம் பூசிய முள்ளெல்லாம் நீலம் பாரித்துக் கிடந்தன.

"பாம்பு கடிச்ச கேஸு மேடம்," என்றான் யேசுராஜ். "இருபத்து நாலு உருப்படி. அத்தினியும் அவுட்டு."

"வாயை மூடிக்கிட்டு எழுது."

அவன் வாயை மூடவில்லை, ஆனால் எழுதினான். மணிமங்கலத்துக்காரன். தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து, ஏறினவர்களை எல்லாம் கிண்டல் பண்ணியே வேலையைத் தொலைத்து, பாஞ்சாலியிடம் உதவியாளாகச் சேர்ந்தவன். மாதா கோயிலுக்குப் போகும்போது மட்டும் போடுகிற ஒரே வெள்ளைச் சட்டையை, பெரிய இடத்துக் கேஸ் என்று இன்றைக்கு மாட்டிக்கொண்டு வந்திருந்தான். வந்ததிலிருந்து எதைத் தொட்டாலும் கையை அதில்தான் துடைத்தான்.

விஷயம் இதுதான். காஞ்சிபுரத்துப் பட்டு வியாபாரி கோதண்டராமன், மகள் கல்யாணத்தில் தாம்பூலப் பையோடு ஆளுக்கு ஒரு சூடாமணி பேனாவும் ஒரு குட்டி மை பாட்டிலும் கொடுத்தார். சம்பந்தி அங்கேயே மை ஊற்றிக் கையெழுத்துப் போட்டுப் பார்த்தார். விரல் நீலம். அந்த விரலாலேயே பட்டு அங்கவஸ்திரத்தைச் சரி செய்தார். அதோடு சம்பந்தமும் நீலம். இப்படி மானத்தை வாங்கின பேனாக்களைப் பொறுக்கியெடுத்து, 'இனி உங்கள் சரக்கு வேண்டாம்' என்று ஒரு வரி எழுதி, கோதண்டராமன் திருப்பி அனுப்பியிருந்தார்.

"வழியெல்லாம் வெயில், பஸ்ல குலுக்கல், அதனால ஒழுகிடுச்சுன்னு முதலாளிகிட்ட சொல்லிடலாமா?" ரகுபதி நப்பாசையோடு கேட்டார்.

"ஒழுகறது வேற சார், படர்றது வேற," என்றாள் பாஞ்சாலி. "பேனாவுல மை கொஞ்சமா இருந்து, உள்ள காத்து சூடாச்சுன்னா, காத்து உப்பி மையைத் தள்ளும். சொட்டு சொட்டா விழும். அது ஒழுகல். இங்க ஒரு சொட்டுகூட விழல. மை தானா முள்மேல ஊர்ந்து ஏறியிருக்கு. சேப்பங்கிழங்கு இலை மேல தண்ணி எப்படி நிக்கும்? குண்டு குண்டா, ஒட்டாம. அதே இலையில சோப்புத் தண்ணி ஊத்திப் பாருங்க. இலை பூரா பரவிடும். நல்ல மை, முள்மேல முதல் ரகம். இது ரெண்டாவது ரகம்."

"அதாவது?"

"எதிலேயோ சோப்பு கலந்திருக்கு."

ரகுபதி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "மை கலக்கறது ஒரே ஒரு ஆள்தாம்மா. கிளாரா. மை ரூம் சாவி அவகிட்டதான் இருக்கு. ஒவ்வொரு முள்ளையும் மையில தொட்டு எழுதிப் பாத்து 'சரி'ன்னு கையெழுத்துப் போடறதும் அவதான். நாலு மணிக்கு மெட்ராஸ்லேர்ந்து முதலாளி வரார். டிஸ்மிஸ் லெட்டர் டைப் ஆகி ரெடியா இருக்கு. உன் ரிப்போர்ட்டை மேல வெச்சு நீட்ட வேண்டியதுதான் பாக்கி." குரலைத் தழைத்தார். "அவ போனா அந்த சீட்டு காலி. நீயும் கெமிஸ்ட்ரிதானே?"

யேசுராஜின் கை எழுதுவதை நிறுத்தியது.

மண்ணூரில் முதல் பட்டதாரி பாஞ்சாலி. ஆணிலும் பெண்ணிலும் முதல். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, சைக்கிள் கடை மாடியில் 'பாஞ்சாலி துப்பறியும் நிலையம்' என்று போர்டு மாட்டி இரண்டு வருஷம் ஆகிறது. ஊர்க்காரர்கள் வைத்த பேர் 'பொம்பளை போலீஸ்'. காணாமல் போன ஆடு, ஓடிப்போன மருமகன், இதுதான் பிழைப்பு. ஆனால் அந்த போர்டு மாட்டுவதற்கு முன்னால், அவள் இதே கம்பெனிக்கு, இதே கிளாராவின் வேலைக்குத்தான் இன்டர்வியூ வந்தாள்.

இரண்டு பேரும் ஒரே காலேஜ், ஒரே வகுப்பு. கிளாரா ஹெட்மாஸ்டர் மகள். வீட்டில் அலமாரி நிறையப் புஸ்தகம். கோபம் வந்தால்கூட ஒரு வார்த்தை பிசகாது. பாஞ்சாலிக்குக் கோபம் வந்தால் 'இன்னா' என்று வந்துவிடும், வகுப்பே சிரிக்கும். கிளாரா மட்டும் சிரிக்க மாட்டாள். அதுதான் பாஞ்சாலிக்கு இன்னும் எரியும்.

இன்டர்வியூ அன்றைக்கு எழுத்துப் பரீட்சை. பாஞ்சாலியின் சந்தைப் பேனா மையைக் கக்கியது. விரலெல்லாம் நீலம், பேப்பரெல்லாம் கைரேகை. பக்கத்திலிருந்த கிளாரா, அவளுடைய அப்பா வாங்கித் தந்த கறுப்புப் பேனாவை நீட்டினாள். "என்கிட்ட இன்னொண்ணு இருக்கு, எடுத்துக்கோ."

"எங்கிட்டயும் பேனா கீது," என்றாள் பாஞ்சாலி.

வேலை கிளாராவுக்குக் கிடைத்தது. சுத்தமான விரல்களுக்குத்தான் உலகத்தில் எல்லாம் கிடைக்கிறது.

*

மை ரூம் கண்ணாடிக் கதவு. உள்ளே வெள்ளைக் கோட்டில் கிளாரா. மேல்பையில் அதே கறுப்புப் பேனா.

"நீ வருவேன்னு சொன்னாங்க," என்றாள் கிளாரா. கண் சிவந்திருந்தது. "உக்காரு பாஞ்சாலி."

"உக்கார வரல. மையில இன்னா கலக்கற?"

வந்துவிட்டது. பாஞ்சாலி பல்லைக் கடித்துக்கொண்டாள். கிளாரா கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

"சாயம், தண்ணி, பூஞ்சை பிடிக்காம இருக்க ஒரு துளி கார்பாலிக். தண்ணிகூட இந்த ஊர் போர் தண்ணி இல்ல, காய்ச்சி வடிச்சது. மூணு வருஷமா அதே கணக்குதான்."

"அலமாரியைத் திற."

யேசுராஜ் அலமாரியைக் குடைந்தான். மூன்றாவது தட்டில், சாய டப்பாக்களுக்குப் பின்னால், ஒரு சோப்பு டப்பா. உள்ளே பாதி கரைந்த சோப்பு.

"அட, மாட்டிச்சு மீனு!" என்றான் அவன். "சிஸ்டர், இது குளிக்கிற ரூமா, மை ரூமா?"

"கை கழுவ வெச்சிருக்கேன். சாயம் பட்டா போக வேணாமா?" கிளாரா கையை விரித்துக் காட்டினாள். "என் ரூம்ல தொட்டு எழுதும்போது ஒரு முள்ளுலகூடப் படரல, பாஞ்சாலி. சத்தியமா. வெளிய போனப்புறம் என்ன ஆகுதுன்னு எனக்குத் தெரியல. நான் சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கறாங்க. அப்பாவுக்குப் போன மாசம்தான் ஆபரேஷன் ஆச்சு. வேலை போச்சுன்னு நான் எப்படிப் போய்..."

"சத்தியத்தை எல்லாம் ரிப்போர்ட்ல எழுத முடியாது," என்றாள் பாஞ்சாலி, காலேஜ் தமிழில், ஒவ்வொரு எழுத்தாக.

சோப்பு டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது அவள் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று சந்தோஷமாகக் குதித்தது. அது என்ன மிருகம் என்று அவளுக்குத் தெரியும். மூன்று வருஷமாகச் சோறு போட்டு வளர்த்தவள் அவள்தானே.

*

கேன்டீன் என்பது தகரக் கொட்டகை. சுற்றிலும் போன வருஷம் வரைக்கும் நெல் விளைந்த தரிசு. தூரத்தில் வல்லத்து ஏரிக்கரைப் பனைமரங்கள்.

பாஞ்சாலி ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தாள். காலையில் வந்ததும் ரகுபதி ஆளுக்கொரு சூடாமணி பேனா அன்பளிப்பாகக் கொடுத்திருந்தார். ஒரே மை பாட்டிலிலிருந்து இரண்டு பேர் பேனாவுக்கும் யேசுராஜ்தான் மை ஊற்றினான். 'மை தயாரிப்பாளர் கிளாரா அவர்களின் அலமாரியில்' என்பது வரைக்கும் எழுதினாள். முள் முழுக்க நீலம். ஆள்காட்டி விரல் நீலம். நடு விரல் நீலம். பேப்பரில் கட்டைவிரல் ரேகை, அன்றைக்கு இன்டர்வியூவில் விழுந்த மாதிரியே, அச்சு அசலாக.

"சனியன் பிடிச்ச மை!"

"டென்ஷன் ஆவாதீங்க மேடம். வடை சாப்புடுங்க." யேசுராஜ் இரண்டாவது மசால் வடையை முடித்து, எண்ணெய்க் கையைச் சட்டையில் தேய்த்தான். "இந்தக் கொட்டாயில வடை நல்லாக் கீது. சட்னிதான் தண்ணி."

"அந்தச் சட்டையைப் பாரு! அது சட்டையா, மளிகைக் கடைக் காகிதமா? வடை எண்ணெய், சட்னி, ஸ்கூட்டர் கிரீஸ், அலமாரித் தூசு. ஒரு நாள்ல எத்தனை கறை..."

நிறுத்தினாள்.

சட்டையை மேலிருந்து கீழே பார்த்தாள். மஞ்சள் இருந்தது. பச்சை இருந்தது. கறுப்பு இருந்தது.

"யேசுராஜ், காலையிலேர்ந்து எத்தனை பக்கம் எழுதின?"

"பதினோரு பக்கம். கை கழண்டு போச்சு."

"கையைக் காட்டு."

காட்டினான். எண்ணெய் பளபளத்தது. ஒரு பொட்டு நீலம் இல்லை.

அவன் பேனாவைப் பிடுங்கி மூடியைத் திறந்தாள். முள் மஞ்சளாக, சுத்தமாக இருந்தது. பிளவில் மட்டும் மெல்லிசாக ஒரு நீலக் கோடு.

ஒரே பாட்டில். ஒரே மை. ஒரே கம்பெனிப் பேனா. அவளுடையதில் படர்கிறது, அவனுடையதில் படரவில்லை. மையில் சோப்பு இருந்தால் இரண்டும்தானே படர வேண்டும்?

மை தப்பு செய்யவில்லை. அப்படியென்றால் மை கலக்கினவளும் தப்பு செய்யவில்லை.

காலையிலிருந்து கண்ணுக்கு எதிரே நின்றிருந்த சாட்சி, சட்டை போட்டுக்கொண்டு வடை தின்றுகொண்டிருக்கிறது. அவள் பார்க்கவில்லை. பார்க்கப் பிடிக்கவில்லை. அதுதான் நிஜம்.

மணி மூன்று. மேஜைமேல் அரை ரிப்போர்ட். இன்னும் நாலு வரி எழுதி ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். வெள்ளைக் கோட்டு, கண்ணாடிக் கதவு, மாசம் பிறந்தால் சம்பளம். வெள்ளைச் சட்டையைப் பற்றி உலகத்தில் யாருக்கும் தெரியாது. யேசுராஜுக்குக்கூட.

"இன்னா மேடம், முகம் ஒரு மாதிரியாப் பூட்ச்சு? வடை சேரலையா?"

பாஞ்சாலி அவனைப் பார்த்தாள். எழுதின பேப்பரை நாலாகக் கிழித்தாள்.

"சேரல. வா."

*

மை ரூமில் கிளாரா ராஜினாமாக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள். பாஞ்சாலி சோப்பு டப்பாவை அவள் முன்னால் வைத்தாள். கடிதத்தைப் பிடுங்கி ஓரமாகத் தள்ளினாள்.

"அழறதை அப்புறம் வெச்சுக்கலாம். இந்த முள்ளு எந்த மேஜையில மாட்டினதுன்னு கண்டுபிடிக்க முடியுமா?"

"முடியும். ரெண்டு மேஜைதான். ராஜம்மா அக்கா மேஜை, மரகதம் மேஜை. முள்ளோட அடிப்பக்கம், கழுத்துக்குள்ள மறைஞ்சிருக்கிற இடத்துல கீறல் போடுவாங்க. ராஜம்மா அக்கா ஒரு கீறல், மரகதம் ரெண்டு. மாசா மாசம் நல்ல மேஜைக்கு எவர்சில்வர் குடம் பரிசு இல்லையா, அதுக்காக."

யேசுராஜ் ஓடிப்போய் இருபத்து நாலையும் அள்ளிக்கொண்டு வந்தான். முள்ளை ஒவ்வொன்றாக உருவினார்கள். ஒரு கீறல். ஒரு கீறல். ஒரு கீறல். இருபத்து நாலும் ஒரே கீறல். பாஞ்சாலியின் பேனாவும் ஒரு கீறல். யேசுராஜின் பேனாவில் மட்டும் இரண்டு.

"நல்ல வேளை, நமக்கு மரகதம் கைராசி," என்றான் அவன்.

"நான் சோதிச்சப்புறம்தான் முள்ளு மேஜைக்குப் போகும்," என்றாள் கிளாரா மெதுவாக. "அப்ப மேஜையிலதான் ஏதோ..."

"தம்ளர்ல தண்ணி கொண்டா, யேசுராஜ். குழாய்த் தண்ணி."

உருவின முட்களை எல்லாம் தம்ளரில் போட்டு, உள்ளங்கையால் மூடிக் குலுக்கினாள். கையை எடுத்தாள். நீலத் தண்ணிமேல் விரற்கடை உயரத்துக்கு நுரை நின்றது.

"டீக்கடையில ஆத்தின மாதிரி கீது," என்றான் யேசுராஜ். "அப்ப சோப்புதானே? சிஸ்டர் டப்பா மறுபடியும் மாட்டிக்குமே!"

இன்னொரு தம்ளரில் அதே குழாய்த் தண்ணி பிடித்து, வெறும் மை ஒரு சொட்டு விட்டுக் குலுக்கினாள். நுரை இல்லை. மூன்றாவது தம்ளரில் கிளாராவின் சோப்பைச் சுரண்டிப் போட்டுக் குலுக்கினாள். வெள்ளை வெள்ளையாகத் திரி திரியாய் மிதந்தது. நுரை இல்லை.

இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"இந்த ஊர் உப்புத் தண்ணியில சோப்பு நுரைக்காது," என்றாள் கிளாரா.

"இந்தத் தண்ணியிலயும் நுரைச்சு, தங்கத்தைப் பளபளப்பாக்கறது ஒண்ணே ஒண்ணுதான்," என்றாள் பாஞ்சாலி.

"பூந்திக்கொட்டை!" இரண்டு பேரும் ஒன்றாகச் சொன்னார்கள்.

முந்திக்கொண்டவள் தான்தான் என்று பாஞ்சாலிக்குத் தோன்றியது. ஒரு இமைப்பொழுதாவது.

*

ராஜம்மா மேஜைக்கு எட்டு பெண்கள். ராஜம்மாதான் தலை. நாற்பது வயசு, வல்லத்துக்காரி. கம்பெனிக்கு முதல் செங்கல் வைத்த நாளிலிருந்து இருக்கிறவள். பக்கத்தில் முலாம் தேய்க்கிற மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதிலிருந்து பறக்கிற கறுப்புத் தூசு எல்லார் தலையிலும், எல்லார் நகையிலும் படிந்திருந்தது. ஒருத்தி மூக்குத்தி எது, மூக்கு எது என்றே தெரியவில்லை.

ராஜம்மாவின் கம்மல் மட்டும், அன்றைக்குத்தான் கடையில் வாங்கினது மாதிரி பளீரென்று அடித்தது.

"கம்மல் நல்லா மின்னுதுக்கா," என்றாள் பாஞ்சாலி. "எதுல கழுவறீங்க?"

"இன்னாத்துல கழுவுவாங்க? பூந்திக்கொட்டையிலதான். எல்லா வூட்லயும்தான் கழுவறாங்க."

"தினமுமா? வீட்ல நல்ல நாள் கிழமைன்னாதானே நகையைக் கழுவுவாங்க?"

வாய்க்கு முன்னால் ராஜம்மாவின் கால் பேசியது. மேஜைக்கு அடியில் இருந்த டிபன் கேரியரை மெல்லப் பின்னால் தள்ளியது.

யேசுராஜ் குனிந்தான். "அட, நாலு அடுக்கு கேரியரு! இன்னா குழம்பு அக்கா? வாசனை இல்லியே!"

"தொடாதே! கையை எட்றா, கஸ்மாலம்!"

அவன் அடி அடுக்கைத் திறந்துவிட்டான். பழுப்புத் தண்ணி. அதில் ஊறிக் கிடக்கும் பூந்திக்கொட்டைத் தோல். மேலே நுரை.

மேஜை மொத்தமும் வேலையை நிறுத்தியது.

"யார் குடுத்தது இந்த யோசனை?" பாஞ்சாலி குரலை உயர்த்தினாள். "கிளாராவை ஒழிச்சுக் கட்டணும்னு யார் தூண்டினது? மேனேஜரா?"

"கிளாராவா?" ராஜம்மா நிஜமாகவே முழித்தாள். "அந்தப் பொண்ணை நான் இன்னாத்துக்கு ஒழிக்கணும்? அதும் பாட்டுக்கு அது உண்டு, அது மையி உண்டு."

"பின்னே?"

ராஜம்மாவின் பார்வை போன இடம் எதிர் மேஜை. அங்கே இருபது வயசு மரகதம், ஒன்றும் தெரியாமல், குனிந்த தலை நிமிராமல் முள் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"கேட்டாண்ட போர்டு கீதே, அதுல ஏழு வருஷம் என் பேருதான். இந்தக் குட்டி நேத்து வந்துச்சு. வந்த மூணாம் மாசம் குடத்தைத் தூக்கினு போச்சு. அடுத்த மாசமும் அதான். எனக்குக் குடம் வோணாம்மா, வூட்ல குடம் கீது. போர்டுல அது பேரைப் பாத்துகினே தினம் உள்ள வரணும் பாரு... சோறு எறங்கல. மேனேஜர் எப்பிடி மார்க் போடறாரு? முள்ளைத் தூக்கி வெளிச்சத்துல பாப்பாரு. எது பளிச்சுனு கீதோ அதுக்குத்தான் குடம். சரி, நகை கழுவற தண்ணியில முள்ளைக் கழுவினா இன்னான்னு தோணிச்சு. ரெண்டு மாசமா குடம் எனக்குத்தான்."

"கழுவினதை நல்ல தண்ணியில அலசினா வம்பே இல்லையே?"

"எங்கம்மா நல்ல தண்ணி? போர்ல வர உப்பு தண்ணியில அலசினா காஞ்சதும் முள்ளு பூரா வெள்ளைத் திட்டு. அதான் அலசாம துணியில தொடச்சி மாட்டிருவேன். அது மையை இழுத்துகினு வரும்னு எனக்கு இன்னா தெரியும்? எஞ்சாமி சத்தியமா, பளபளப்புக்குத்தான்மா செஞ்சேன்."

பாஞ்சாலி அவளைத் திட்டத்தான் வாயைத் திறந்தாள். திட்டு வரவில்லை. அடுத்தவள் பேரைப் பார்த்துக்கொண்டே தினம் உள்ளே நுழைகிறவளை என்ன சொல்லித் திட்டுவது? இந்த ஒரு வியாதிக்கு அவளிடம் மருந்து இருந்தால், முதல் வேளை அவள் அல்லவா குடித்திருப்பாள்?

"என்னை டிஸ்மிஸ் பண்ணிருவாங்களாம்மா?"

மணி மூன்றே முக்கால்.

*

மை ரூம் மேஜைமேல் பாஞ்சாலி புதுப் பேப்பரை விரித்தாள். தன் பேனாவைத் திறந்தாள். முள் நீலம், விரல் நீலம். பேப்பரில் முதல் எழுத்துக்கு முன்னாலேயே கைரேகை விழுந்தது. யேசுராஜ் பேனாவைப் பார்த்தாள். முள் உருவினபோது, அதற்கு அடியில் மையைத் தடுத்து அனுப்புகிற நாக்குக் கட்டை நழுவி, மையெல்லாம் அவன் வெள்ளைச் சட்டையில் கொட்டியிருந்தது.

"இதோ வந்துச்சு பாரு நீலம்," என்றான் அவன் பரிதாபமாக. "ஒண்ணுதான் பாக்கியா இருந்துச்சு."

கிளாரா கோட்டுப் பையிலிருந்து கறுப்புப் பேனாவை எடுத்தாள். மூடியைக் கழற்றி நீட்டினாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் நீட்டின அதே மாதிரி. அதே சுத்தமான விரல்கள்.

பாஞ்சாலி வெடுக்கென்று வாங்கிக்கொண்டாள்.

அது தண்ணியில் மீன் போகிற மாதிரி போயிற்று. அதுவும் ஒரு எரிச்சல்.

நாலுக்கு மூன்று நிமிஷம் இருக்கும்போது ரகுபதி ரிப்போர்ட்டைப் படித்தார். முதல் பாராவில் சிரித்தார். இரண்டாவதில் சிரிப்பு நின்றது. கடைசி வரியில் வேர்த்தது.

"'முள்ளின் எழுத்தைப் பார்க்காமல் பளபளப்பை மட்டும் பார்த்து, இதே பழுதான முட்களுக்கு மேனேஜர் இரண்டு மாதம் தொடர்ந்து முதல் பரிசு கொடுத்திருக்கிறார்.' என்னம்மா இது?"

"உண்மை."

"ராஜம்மா பேரை மட்டும் போட்டாப் போதாதா?"

"போடலாம். அப்ப முதலாளி கேப்பார்: இவ்வளவு மோசமான மேஜைக்குக் குடம் குடுத்தது யாருன்னு. குடம் ராஜம்மா வீட்ல இருக்கு சார், உங்க கையெழுத்துச் சீட்டோட." பாஞ்சாலி மேஜைமேல் குனிந்தாள். "ஒரு வழி இருக்கு. மேஜைக்கு ஒரு பானை காய்ச்சி வடிச்ச தண்ணி வைங்க, கழுவினதை அலசட்டும். பளபளப்பும் இருக்கும், படரவும் படராது. மாட்டினதுக்கு அப்புறமும் ஒரு தடவை கிளாரா எழுதிப் பாக்கட்டும். பரிசை எழுத்துக்குக் குடுங்க. 'முறையில் கோளாறு, சரி செய்தாகிவிட்டது'ன்னு ரிப்போர்ட்டை முடிச்சுக் குடுக்கறேன். யார் வேலையும் போகாது. உங்க வேலையும் சேத்துத்தான்."

வெளியே கார் ஹாரன் அடித்தது. வாட்ச்மேன் கேட்டைத் திறக்கிற கிறீச் சத்தம் கேட்டது.

ரகுபதி டைப் அடித்த கடிதத்தை எடுத்தார். குறுக்கே கிழித்தார், நெடுக்கே கிழித்தார், துண்டுகளைப் பேன்ட் பையில் திணித்தார். "அந்த சீட்டு..." என்று இழுத்தார்.

"ஆள் இருக்காங்க," என்றாள் பாஞ்சாலி. கடைசி வரியை அடித்துவிட்டு, புது வரி எழுதி, கையெழுத்துப் போட்டாள்.

படியிறங்கும்போது மை ரூம் கண்ணாடிக்கு உள்ளே கிளாரா நின்றிருந்தாள். கை கூப்பினாள். பாஞ்சாலி தலையை மட்டும் ஆட்டிவிட்டு நடந்தாள். முதுகில் அந்தப் பார்வை பட்டுக்கொண்டே வந்தது.

கேட் போர்டில் சாக்பீஸில், ராஜம்மா என்ற பேருக்குக் கீழே இந்த மாதத்துக்கான இடம் காலியாக இருந்தது.

யேசுராஜ் ஸ்கூட்டரை நாலாவது உதையில் கிளப்பினான். அவன் சட்டையில் இப்போது எல்லா நிறமும் இருந்தது.

"மேடம், உங்க கையில கீற பேனா அவங்களுது."

"தெரியும்."

"திருப்பிக் குடுக்கல?"

"கேட்டா குடுக்கறேன்."

"அவங்க கேக்க மாட்டாங்க மேடம். அவங்க குணம் அப்பிடி."

"அதான்யா எனக்கு வயிறு எரியுது," என்றாள் பாஞ்சாலி. "வண்டியை எடு."